"தெரியலைங்க" என்று சொல்லிவிட்டேன்
(குடியை விட முயன்றவர்களும் குடும்பத்தாரும் புனைபெயரில் பேசிக்கொள்வது)

படிக்கட்டு:
குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்காக, பட்டியலில் இருந்த இடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவன் நான். மீட்டிங் நேரம் மாறிப் பல மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது முறை போன் செய்து கேட்டுவிட்டுப் போனேன். மாடியில் விளக்கு எரிந்தது. ஏற மனம் வராமல், யாருக்கோ காத்திருப்பவன் மாதிரி போனை நோண்டிக்கொண்டு கீழேயே நின்றேன்.

அப்போது ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார், ஆனால் பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது. கையில் இருந்த துண்டுச் சீட்டு நடுங்கியது. "தம்பி, ஏஏ மீட்டிங் இங்கதானா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றேன்.

சீட்டை ஒரு முறை பார்த்தார். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். ஆமாம் என்றால் நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று ஆகிவிடுமே, அந்த வெட்கம். பத்து நிமிடம் கழித்து நான் மேலே போனேன். குடிக்காமல் இப்போது 4 வருடம் ஆகிறது. அவரை எந்த மீட்டிங்கிலும் பார்க்கவில்லை.

கணக்கு நோட்டு:
குடித்தது என் கணவர். அவருக்காக நான் தேடிப் போனது க்ளோஸ்டு மீட்டிங். குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மட்டும்தான் அது என்று எனக்குத் தெரியாது. வாசலில் இருந்தவர் முகம் சுளிக்கவில்லை. ஓப்பன் மீட்டிங்குக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் இருக்கிறது, அங்கே போங்கம்மா என்று நம்பர் எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். என்றைக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு வந்தார், எதை உடைத்தார், எல்லாம் இரண்டு வருடக் கணக்கு. என் முறை வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் புத்தி சொல்வது அங்கே வழக்கமில்லை. எல்லாம் முடிந்து நாற்காலி மடக்கும்போது ஒரு பெரியம்மா வந்து, "இதுல நீ எங்கம்மா இருக்கே?" என்றார். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். பல்வலிக்கு டாக்டரிடம் போனதாக ஒரே ஒரு வரி. அதுவும் அன்று என் கணவர் வண்டியை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்பதற்காக எழுதியது.

நாற்காலி:
படிக்கட்டு அண்ணா, அந்தப் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த நேரம் நீங்களே இன்னும் உள்ளே போகாத ஆள்.

என் விஷயம் சின்னது. யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் குடியை நிறுத்தினேன். மறுநாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதே வலிப்பு வந்தது. கண் விழித்தபோது யாரோ தன் பையைத் தலைக்குக் கீழே வைத்திருந்தார், ஜிப் கன்னத்தில் பதிந்திருந்தது.

அதனால் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், அப்புறம் மீட்டிங். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. மாத்திரை சாப்பிடுபவர் உண்மையாக விட்டவர் இல்லை என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், மருந்து விஷயத்தை டாக்டரோடு மட்டும் பேசுங்கள். ஒரு குழு பிடிக்கவில்லையா, இன்னொன்றுக்குப் போங்கள். இதெல்லாம் வெறும் பேச்சு என்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 27 ஆய்வுகளில் 10,565 பேரைப் பார்த்தது. குடியை முழுதாக விட்டு அப்படியே தொடர்வதில், ஏஏ-வோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிட நன்றாக வேலை செய்தன என்றது. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது.

மியூட்:
நாற்காலி சொன்ன எண்கள் சரியாக இருக்கட்டும், எனக்கு அது ஒட்டவில்லை. ஏஏ-வின் படிகளில் வரும் 'நம்மைவிடப் பெரிய சக்தி' என்ற இடத்திலேயே ஆறு மீட்டிங் நின்றேன். எதை வேண்டுமானாலும் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், மனம் ஒப்பவில்லை. ஆகவே விட்டுவிட்டு மறுபடி குடித்தேன். வேறு குழுக்களும் உண்டு என்று அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். இப்போது ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறொரு குழு. 1994-இல் தொடங்கியது, எண்ணங்களையும் ஆசையையும் கையாளும் பயிற்சிதான் அதில் முக்கியம். ஆன்லைனில் கேமராவை அணைத்து மூன்று வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். நான்காவது வாரம் மியூட்டை எடுத்தேன், சத்தம் வரவில்லை. யாரும் "ஹலோ, கேட்குதா" என்று அவசரப்படுத்தவில்லை. என் வீட்டு மின்விசிறிச் சத்தத்தை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதியவன்:
நாளைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். பெயர் சொல்லணுமா? பேசச் சொல்வார்களா?

படிக்கட்டு:
பெயர் மட்டும் போதும். உண்மைப் பெயரா, என்ன வேலை, எங்கே வீடு என்று யாரும் துருவ மாட்டார்கள். பேசச் சொன்னால், "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லுங்கள், அடுத்தவரிடம் போய்விடுவார்கள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. கை நடுங்கினால் நாற்காலி சொன்ன மாதிரி முதலில் டாக்டர். கிளம்பும் முன் போன் செய்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டியலை நம்பாதீர்கள். வாசலில் யாராவது போனை நோண்டிக்கொண்டு நின்றால் அவரிடம் வழி கேட்காதீர்கள். நேராக மாடிக்குப் போய்விடுங்கள்.