நாற்காலி விற்பனைப் பக்கத்தில் 3 வாரமாகச் சிக்கியிருக்கிறேன்

நான் தனியாகத் தொழில் செய்யும் விளம்பர எழுத்தாளர், 6 ஆண்டு அனுபவம். அடுத்தடுத்து 2 வாடிக்கையாளர்கள் "நம்பும்படி இல்லை" என்று திருப்பி அனுப்பியதிலிருந்து, எழுதுவதெல்லாம் வறண்டு கிடக்கிறது. இப்போது கையில் இருப்பது அலுவலக நாற்காலிக்கான விற்பனைப் பக்கம். 600 சொற்கள், வெள்ளிக்கிழமை கெடு.

கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்று வாசகரைப் படிப்படியாக வாங்கவைக்கும் பழைய விளம்பரச் சூத்திரத்தில் (நூறாண்டு கடந்தும் உழைக்கிறது, பாவம்) முதல் இரண்டும் தேறுகின்றன. விருப்பத்தில் தடுக்கி விழுகிறேன். "சிறந்த", "தரமான" தவிர வேறு சொல் வரவில்லை.

40 தலைப்புகள் எழுதினேன். உரக்கப் படித்தேன். பயனர்களின் கருத்துகளிலிருந்து அவர்கள் சொற்களையே எடுத்தேன். இரண்டு நாள் தொடாமலும் விட்டேன். "நேர்மறையாக இரு" என்ற அறிவுரை ஏற்கெனவே நிறையக் கையிருப்பில் உள்ளது.

மனம் சோர்ந்திருக்கும்போது, விருப்பத்தைத் தூண்டும் அந்தப் பத்தியை நீங்கள் எந்த வரியிலிருந்து தொடங்குவீர்கள்?