விட்டுப்பிடி மதிப்பீடா, இருபட்டியல் மதிப்பீடா?

> முழுதாக எண்ண முடியாதவற்றின் மொத்தத்தை மதிப்பிடும் கேப்ச்சர்-ரீகேப்ச்சர் முறைக்குத் தமிழில் 'பிடி-மறுபிடி முறை' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

'மறுபிடி' எதற்கு? 'விட்டுப் பிடிப்பது' நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிறதே. மீனைப் பிடித்து, அடையாளமிட்டு, நீரில் விட்டு, அடுத்த வலையில் அடையாளத்தோடு எத்தனை சிக்கின என்று பார்ப்பதற்கு 'விட்டுப்பிடி மதிப்பீடு' கச்சிதம். மீனுக்கும் வாத்துக்கும் அதுவே இருக்கட்டும்.

ஆனால் இந்த இழையில் பேச்சு மக்கள்தொகையைப் பற்றி. அங்கே யாரையும் பிடிப்பதுமில்லை, விடுவதுமில்லை. ஒரு பகுதியில் கணக்கெடுப்பு 900 பேரை எழுதியது. பிறகு தனியாக நடந்த ஆய்வு 800 பேரை எழுதியது. இரண்டிலும் இருப்பவர்கள் 720. ஆய்வில் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கணக்கெடுப்பிலும் இருக்கிறார்கள். அப்படியானால் கணக்கெடுப்பின் 900 பேரும் மொத்தத்தில் பத்துக்கு ஒன்பது; மொத்தம் 900 × 800 ÷ 720 = 1000. இரண்டு பட்டியலையும் சேர்த்தாலே 980 பேர்தான் தேறுவார்கள். மிச்சம் 20 பேர் யார் கண்ணிலும் படாதவர்கள். இந்த முறையின் அழகே அந்த 20 பேர்தான். எனவே என் வாக்கு 'இருபட்டியல் மதிப்பீடு'.

1949-இல் புள்ளியியலாளர்கள் சந்திரசேகரனும் டெமிங்கும் எழுதிய கட்டுரையிலும் இதே கதைதான். கல்கத்தா அருகே சிங்கூரில் பிறப்பு, இறப்புக்கான பதிவாளர் பட்டியலையும், வீடுவீடாகக் கேட்டெழுதிய பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் தவறியவற்றைக் கணித்தார்கள்.

கணக்கெடுப்பில் ஆட்கள் விட்டுப்போவதைச் சொல்லும் 'அண்டர்கவுன்ட்'டுக்கு யாரோ 'குறைகணிப்பு' என்று எழுதியிருந்தார்கள். கணிப்பு என்றாலே எஸ்டிமேட் நினைவுக்கு வரும். இங்கே குறை எண்ணியதில். 'விடுபாடு' போதும். இருமுறை எண்ணப்பட்டவர்களைக் கழித்தபின் நிற்பது 'நிகர விடுபாடு'.

---

> என் வாக்கு 'இருபட்டியல் மதிப்பீடு'

எனக்கும் சம்மதம். ஆனால் உங்கள் 720 எப்படி வந்தது? அந்த வேலைக்கல்லவா முதலில் பெயர் வேண்டும்! ஒரே ஆளின் பெயர் ஒரு பட்டியலில் 'ன்' விகுதியோடும் மற்றதில் 'ர்' விகுதியோடும் இருந்தால், இருவர் என்று எழுதிவிடுவார்கள். அப்படி 20 பேர் நழுவி 720 என்பது 700 ஆனாலே மொத்தம் 1029-க்கு ஏறிவிடும். இல்லாத 29 பேர் பிறந்துவிடுவார்கள். நேர்மாறான தொல்லையும் உண்டு: கணக்கெடுப்பாளரைக் கண்டு கதவடைத்தவர் ஆய்வுக்கு வந்தவருக்கும் திறக்கமாட்டார். அப்போது விடை குறைந்துபோகும்.

'ஒப்பீடு' இதற்குப் போதாது; இருவரும் ஒரே ஆள்தானா என்று முடிவுகட்டுவது அதில் இல்லை. 'ஆள்பொருத்தல்' என்றால் சரியாக இருக்குமா? 'பதிவுப்பொருத்தல்' என்றும் யோசித்தேன். ஆனால் பொருந்தவேண்டியது பதிவல்ல, ஆள்.