கலைச்சொல்: சுவரடி இடுக்கில் புகும் குளிர்காற்றைத் தடுப்பது – காற்றடைப்பா, ஊதலடைப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

பிரிட்டனில் பழைய வீடுகளில் இருக்கும் தமிழர்களுக்கான பராமரிப்புக் கையேட்டுக்குச் சொற்கள் தேவை. சுவரோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்கும் மரத்தளத்துக்கும் நடுவே இடுக்கு விழுந்து, அதன்வழி குளிர்காற்று அறைக்குள் வருகிறது. வரைவில் இருப்பவை: சுவரடிப்பட்டி, காற்றடைப்பு, நிரப்பி. பொருந்துமா?

* * *

> சுவரடிப்பட்டி

பட்டி வேண்டாம். பெயின்ட் வேலையில் பட்டி என்றால் சுவரில் இழுக்கும் மாவு. "பட்டி பார்த்தாச்சா?" என்று கேட்டால் எந்தப் பெயின்டரும் அதைத்தான் நினைப்பார். இங்கே பேசுவது மரம், எனவே சுவரடிப் பலகை போதும். நம்மூர் டைல்ஸ் ஸ்கர்ட்டிங்கை இதில் சேர்க்காதீர்கள். கான்கிரீட் தளத்தின்மேல் சிமென்ட்டில் ஒட்டிய ஓட்டுக்கு அடியில் காற்று வர வழியில்லை.

* * *

> காற்றடைப்பு

இந்தச் சொல்லை ஏற்க முடியாது. படிப்பவர் வீட்டைக் கெடுத்துக்கொள்வார்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் கீழ்த்தளம் மண்ணில் படிந்திருக்காது. உத்தரங்களின்மேல் பலகை அடித்து, அடியில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். வெளிச்சுவரில் தரைமட்டத்தை ஒட்டி ஓட்டையுள்ள செங்கற்கள் இருக்கும். அவற்றின்வழி காற்று ஓடினால்தான் உத்தரம் உலர்ந்திருக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி, வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் 1500 சதுர மி.மீ. அல்லது தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 சதுர மி.மீ., இரண்டில் எது அதிகமோ அந்த அளவு திறப்பு கேட்கிறது.

'காற்றடைப்பு' என்று தலைப்பிட்டால், குளிர் தாங்காதவர் முதலில் அந்தச் செங்கல்லில்தான் துணியைத் திணிப்பார். தளத்தடியில் ஓட வேண்டியது காற்றோட்டம். அறைக்குள் வரக் கூடாதது ஊதல், ஊரில் ஊதக்காத்து என்கிறோமே, அதுதான். எனவே வேலைக்கு ஊதலடைப்பு, செங்கல்லுக்குத் துளைச்செங்கல் என்று முன்மொழிகிறேன்.

* * *

வணக்கம் ஐயா. ஈழத்தில் நாங்கள் கூதல் என்போம். லண்டனில் இருக்கிற எங்கட ஆக்களுக்குக் கூதலடைப்பு என்றால் விளக்கமே தேவையில்லை. ஊதல் என்றால் வீங்கல் என்றும் படலாம். யன்னல் இடுக்கில் அடிக்கிற நுரை ஊதிப் பெருக்கிறதையும் அப்படித்தானே சொல்லுவோம்?

* * *

> கூதலடைப்பு

கூதல் உடம்புக்குத் தெரிவது. அறை முழுக்கக் குளிர்ந்திருந்தாலும் கூதல்தான், ஓட்டையே வேண்டாம். நமக்கு ஓட்டைவழி வரும் ஓட்டத்துக்குப் பெயர் வேண்டும். கோடையிலும் பலத்த காற்றடித்தால் அதே இடுக்கில் தூசி ஏறி வரும், கம்பள விளிம்பில் கறுப்புக் கோடு விழும். அங்கே கூதல் இல்லை, ஊதல் உண்டு.

சோதனைக் குறிப்பையும் வரையறைக்குக் கீழே சேருங்கள். காற்றடிக்கும் நாளில் சன்னல்களைச் சாத்தி, சமையலறைப் புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, பலகை ஓரமாக ஊதுபத்தியை நகர்த்த வேண்டும். புகை அறைப்பக்கம் சாயும் இடம் ஊதல்வாய். பலகையின் மேல்விளிம்பையும், வெப்பக் குழாய் தளத்துக்குள் இறங்கும் துளையையும் விடக் கூடாது. பல வீடுகளில் கீழ் இடுக்கைவிட அந்தத் துளை மோசமாக இருக்கும்.

* * *

> நிரப்பி

இதுதான் எனக்குப் பெரிய சிக்கல். நிரப்பி என்றால் குழியை நிரப்பி இறுகுவது. இந்த இடுக்கு சும்மா இருக்காது. பலகை சுவரில் ஆணியடித்து நிற்கிறது; தளமோ உத்தரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடினால் மரம் காய்ந்து சுருங்கி இடுக்கு அகலும், ஈரமான மாதங்களில் குறுகும். பெயின்டர்கள் அடிக்கும் அக்ரிலிக் பசையை 3 மி.மீ.க்கு மேற்பட்ட இடுக்கில் போட்டால் காயும்போதே சுருங்கும், அடுத்த குளிர்காலத்தில் ஓரம் விட்டுவிடும். சிலிக்கான் நெகிழும், ஆனால் அதன்மேல் பெயின்ட் நிற்காது. இங்கே பாலியூரித்தேன் அல்லது கலப்பு பாலிமர் வகை வேண்டும். அதற்கு நெகிழடைப்பான் என்கிறேன்.

மரக்கலத்துப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசுவதற்குக் கலப்பற்று என்ற சொல் உண்டு. திணித்து, மேலே பூசுவது என்ற முறையும் அதேதான். ஆனால் இன்று யாருக்கும் புரியாது. அடிக்குறிப்பில் வைக்கலாம்.

* * *

நெகிழடைப்பான் சரி. அடைப்பானுக்குப் பின்னால் இடுக்கில் முதலில் திணிக்கும் பாலித்தீன் நுரைக்கும் பெயர் வேண்டும். கயிறு போலச் சுருளாக விற்கிறார்கள், அதனால் திணிகயிறு.

அதன் வேலையும் வரையறையில் வர வேண்டும். ஆழத்தைக் குறைப்பது மட்டுமில்லை, அடைப்பான் பின்சுவரில் ஒட்டாமலும் தடுக்கிறது. மேல், கீழ் இரண்டு முகத்தில் மட்டும் பிடித்தால் ரப்பர் போல இழுபடும். மூன்றாவது முகத்திலும் பிடித்துவிட்டால் கிழியும். இடுக்கைவிடக் கால்பங்கு பருமனான கயிறு: 8 மி.மீ. இடுக்குக்கு 10 மி.மீ. மழுங்கிய கட்டையால் அழுத்துங்கள். ஸ்குரூடிரைவர் முனை நுரையைக் குத்திவிட்டால் உள்ளிருக்கும் வாயு கிளம்பி அடைப்பானில் கொப்புளம் போடும். அடைப்பானின் ஆழம் அகலத்தில் பாதி. 8-க்கு 4 மி.மீ. என்றால் 310 மி.லி. குழல் கணக்குப்படி 9.7 மீட்டர் வரும், சிந்தியது போக 8 என்று வையுங்கள். 4 × 3.5 மீட்டர் அறைக்குக் கதவு நீங்கலாக ஏறத்தாழ 14 மீட்டர், ஆகவே இரண்டு குழல்.

முதலில் இடுக்கைத் தூசி உறிஞ்சியால் நன்றாக இழுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, அடைப்பான் ஒட்டவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். இருபுறமும் மறைப்பு நாடா ஒட்டி, அடைத்து, வழித்து, மேற்பரப்பு ஆடை கட்டுமுன் நாடாவை உரித்துவிட வேண்டும்.

* * *

திணிகயிறு பிடித்திருக்கிறது. கூதலை அடைப்புக்குறியில் மாற்றுச்சொல்லாகவாவது போடுங்கள், விடமாட்டேன்.

இன்னொரு கேள்வி: லேமினேட் போட்ட அறையில் ஓரத்தில் 8 முதல் 12 மி.மீ. வரை விரிவு இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கேயும் நெகிழடைப்பானா?

* * *

இல்லை. அந்தத் தளம் எதிலும் ஒட்டாமல் மிதக்கிறது; ஓரத்தைப் பசையால் பிடித்தால் நடுவில் புடைத்துக்கொள்ளும். அங்கே இடைவெளியை மறைக்கும் மெல்லிய மரச்சட்டமான பீடிங் போட வேண்டும் (ஆசாரிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், புதுச்சொல் தேட வேண்டாம்). ஆணி பலகையில் இறங்க வேண்டும், தளத்தில் இறங்கக் கூடாது.

ஊதலடைப்பு என்ற பதிவின் முதல் வரியிலேயே இரண்டு எச்சரிக்கை தேவை: துளைச்செங்கல்லைத் தொடாதே, அறைக்காற்றை எடுத்து எரியும் விறகு அடுப்போ கேஸ் கணப்போ இருந்தால், அதற்கான நிரந்தரக் காற்றுவழி உள்ளதா என்று தகுதியுள்ளவரிடம் சரிபார்த்த பிறகே இடுக்கை அடை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை, அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.