இண்டக்‌ஷனுக்கும் ஆகுற பால் பாத்திரம்: 304 மட்டும் போதுமா?

கயல்_டிசைன்:
இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஒன்றரை லிட்டர் பால் பாத்திரம் வடிவமைக்கிறேன். கேஸ், இண்டக்‌ஷன் ரெண்டுலயும் வைக்கணும். முழுக்க 304ங்கிற ரக எவர்சில்வர் போடலாம்னா, இண்டக்‌ஷன் அடுப்பு அதை ஏத்துக்கவே மாட்டேங்குது. காந்தம் ஒட்டுற ஸ்டீல் மட்டமான சரக்குன்னு கடைக்காரர் சொல்றார். எதைத்தான் போடுறது? கைப்பிடிக்கு பாலிப்ரொப்பிலீன் சரிவருமா?

பிரஸ்பட்டறை:
கடைக்காரர் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு சேர்த்த 202 ரக எவர்சில்வர்லயும் காந்தம் ஒட்டாது. ஆனா அது 304ஐ விட மலிவு சரக்கு. காந்தத்தை வெச்சுத் தரம் சொல்ல முடியாது.

304ல சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். அந்த நிக்கலாலதான் காந்தம் ஒட்டறதில்லை. 430ங்கிற இன்னொரு ரகத்துல நிக்கல் அநேகமா இல்லை, காந்தம் ஒட்டும், அதனால இண்டக்‌ஷன் பிடிக்கும். ஆனா உப்பு, புளிக்கு 304 அளவு தாங்காது. நீங்க பால் பாத்திரம்னு பேர் வெச்சாலும் வீட்ல அதுல ரசம் வைக்கத்தான் செய்வாங்க. உணவு படுற உள்பக்கத்துக்கு 304ஐ விட்டுக்கொடுக்காதீங்க.

அடிப்பாகத்தை மூணு அடுக்கா யோசிங்க: மேல 304, நடுவுல அலுமினியம், கீழ 430. இண்டக்‌ஷன்ல அடுப்புக்குள்ள இருக்குற கம்பிச் சுருளுக்கு நேர் மேல வளையமாத்தான் சூடேறும். மெல்லிசு 304 அந்தச் சூட்டைப் பக்கத்துக்குப் பரப்பாது, பால் அங்கேயே அடிப்பிடிக்கும். அலுமினியம் அதை விடக் கிட்டத்தட்ட 15 மடங்கு வெப்பம் கடத்தும்.

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. அலுமினியம் சூட்டுல 430ஐப் போல ரெண்டு மடங்குக்கு மேல விரியும். ஒட்டு பலமா இல்லைன்னா அடி பிரிஞ்சிடும். ஆறியிருக்கும்போது அடி இம்மியளவு உள்ளே குழிஞ்சிருக்கட்டும், சூடேறினா மட்டமாகும். ஆறினப்பவே தட்டையா இருந்தா வெளியே புடைச்சு, அடுப்புக் கண்ணாடி மேல பாத்திரம் சுத்தும். டிராயிங்ல இந்தக் குழிவை மறக்காமக் குறிங்க.

மோல்டு_மணி:
கைப்பிடிக்கு பாலிப்ரொப்பிலீன் வேண்டவே வேண்டாம். 160 டிகிரியை ஒட்டி உருகும், அதுக்கு வெகு முன்னாடியே இளகிடும். கேஸ் சுவாலை பக்கவாட்டுல ஏறும்னு நினைச்சுப் பாருங்க. பேக்கலைட்ங்கிற பிளாஸ்டிக் போடுங்க. 1907ல பேக்லண்ட்னு ஒரு வேதியியலாளர் கண்டுபிடிச்சது, இன்னிக்கும் குக்கர் கைப்பிடியில அதைத்தான் பாக்கறோம். ஒரு தடவை இறுகினா மறுபடி உருகாது. கீழே விழுந்தா விரிசல் விடும், அதனால திருகு துளையைச் சுத்திக் கனமா விடுங்க. கைப்பிடி கிளாம்பை ரிவெட் அடிக்காம ஸ்பாட் வெல்டு பண்ணுங்க. ரிவெட் தலையைச் சுத்திப் பாலாடை தங்கும், கழுவுறவங்களுக்குத்தான் கஷ்டம்.

கயல்_டிசைன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 304னு வாங்கின கிண்ணத்துல அடிவளைவுல மட்டும் காந்தம் லேசா ஒட்டுது. கலப்படமா?

பிரஸ்பட்டறை:
அதை வெச்சுக் கலப்படம்னு சொல்ல முடியாதுங்க. டைல (அச்சுல) வெச்சு இழுக்கும்போது வளைவுல தகடு ரொம்ப நீளும். அந்த இடத்துல 304ஓட உள்ளமைப்பு கொஞ்சம் மாறி, காந்தம் ஒட்ட ஆரம்பிக்கும். இண்டக்‌ஷனுக்கு அது பத்தாது. நீங்க சர்க்கிள் (வட்டமா வெட்டின தகடு) வாங்கும்போது மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்க, நிக்கல் எத்தனை சதவீதம்னு அதுல இருக்கும்.