அடுப்புக்குத் தீவனம்

குழு: தெற்குத் தெரு வீடு, கீழக்கரை (எங்க ஊர்ல லாத்தான்னா அக்கா, காக்கான்னா அண்ணன், சாச்சான்னா சித்தப்பா, மச்சின்னா அண்ணி)

வியாழன், மாலை 5:10

சமீ: அஸ்ஸலாமு அலைக்கும். அடுப்பு வந்துருச்சு. ராம்நாடு லாரி ஆபீஸ்ல கிடந்ததை தம்பி குட்டியானை புடிச்சு எடுத்துட்டு வந்தான். கூடவே ரெண்டு மூட்டை பெல்லட்டு, மூட்டை 25 கிலோ.

சமீ: (போட்டோ)

மண்ணடி லாத்தா: வ அலைக்கும் ஸலாம். மூட்டைல என்னடி, கோழித்தீவனமா?

சமீ: அடுத்த வீட்டுக் கோழியும் அப்படித்தான் நினைச்சுது. நாலு கொத்து கொத்திப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரியா பாத்துட்டுப் போச்சு.

சார்ஜா காக்கா: மரத்தூளை மெஷின்ல வச்சு அழுத்துன குச்சி லாத்தா. பென்சில் கனம்தான் இருக்கும். உம்மா என்ன சொல்றாங்க?

உம்மா: (குரல் பதிவு 0:31)

சமீ: கேக்க முடியாதவங்களுக்கு எழுதுறேன்: "இந்த வீட்டுல முப்பது வருசமா கருவை விறகுலதான் தொதல் அல்வா கிண்டுறேன். இப்ப மாத்திரை போட்டு கிண்டச் சொல்றான் என் மகன்."

சார்ஜா காக்கா: உம்மா, கண்ணு டாக்டர் புகைல நிக்காதீங்கன்னு சொன்னது உங்களுக்குத்தான், எனக்கு இல்ல. வீட்டு சிலிண்டர்ல விக்கிற பண்டம் கிண்டக் கூடாது. 19 கிலோ கடை சிலிண்டர் எடுத்து கிண்டினா தொதலை நகைக்கடைல வச்சுத்தான் விக்கணும்.

மச்சான்: கணக்கு ஒண்ணு சொல்லிடுறேன் மாமி. கேஸ் கிலோவுக்கு 11,000 கலோரி பக்கம் (கிலோ கலோரி). பெல்லட்டு 4,000 பக்கம். 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணுக்கு பெல்லட்டு ஏறக்குறைய 40 கிலோ. அடுப்பு கொஞ்சம் சூட்டை வெளிய விடும், அதனால 50ன்னு வைங்க. ரெண்டு மூட்டைன்னா ஒரு சிலிண்டர்.

மண்ணடி லாத்தா: ஆரம்பிச்சுட்டாரு.

கரிக்கடை சாச்சா: எங்க வைக்கப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

சமீ: பின்கட்டு கொட்டகைல சாச்சா. பழைய அடுப்பு இருந்த இடத்துலயே.

கரிக்கடை சாச்சா: அது மேல கூரையைத் தாங்குற பனங்கை ஓடுதே. புகைக்குழாய் தனித் தகரம்தானே? நெருப்பு மாதிரி கொதிக்கும். குழாய்க்கும் பனங்கைக்கும் ஒரு முழம் இடைவெளி வேணும். அண்ணன் போட்ட கூரையை குழாய் வச்சு எரிச்சுடாதீங்க.

தம்பி: கூரையைக் குடையல சாச்சா. செவுத்துல துளை போட்டு வெளிய எடுத்து, அங்கிருந்து நேரா மேல ஏத்துறோம். 4 இஞ்ச் ஜி.ஐ. குழாய்.

கரிக்கடை சாச்சா: கூரை உச்சிக்கு மேல மூணடி நிக்கணும். அடுத்த வீடு கிடுகு. குழாய் வாயில கம்பி வலை கட்டு, பொறி பறக்கக் கூடாது.

மச்சான்: சாச்சா சொல்றது சரி. குழாயைப் படுக்கப் போடுற நீளம் கம்மியா இருக்கட்டும். படுத்த குழாய்ல சாம்பல் தங்கும்.

வெள்ளி, மதியம் 2:40

தம்பி: ஜும்ஆ முடிஞ்சு வந்து குழாய் ஏத்தியாச்சு. கொத்தனார் துளைக்கு மட்டும் தனிக் கூலி கேட்டாரு.

மச்சான்: பத்த வைக்க முன்னாடி ஒண்ணு. முதல் தீ வெறும் தீ. சட்டி ஏத்தாதீங்க, ஒண்ணும் சமைக்காதீங்க. பெயிண்டும் மெஷின் எண்ணெயும் எரிஞ்சு நாறும். அரை மணி முக்கால் மணி சின்னத் தீயில போகட்டும். அப்புறம் ஆறவிட்டு நட்டெல்லாம் ஒரு சுத்து முடுக்குங்க, சூட்டுல தளர்ந்திருக்கும்.

சமீ: சட்டி இல்லாட்டி அடுப்பு வாய் தொறந்து கிடக்குமே மச்சான், புகை முகத்துக்குல்ல வரும்?

மச்சான்: நல்ல கேள்வி. வாயை மூட ஒரு இரும்புத் தட்டு வந்திருக்கணும். அதை மூடினாத்தான் குழாய் இழுக்கும்.

தம்பி: அந்தத் தட்டா? தண்ணித் தொட்டி மூடி பறக்காம இருக்க நேத்து அது மேல வச்சேன். எடுத்துட்டு வாரேன்.

மதியம் 3:25

சமீ: புகை!!! வீடு பூரா!!!

சமீ: (வீடியோ)

மண்ணடி லாத்தா: யா அல்லாஹ். உம்மா எங்க?

சமீ: வெளிய வேம்படில நின்னு சிரிக்கிறாங்க.

மச்சான்: பதறாத. அடுப்புக்குக் காத்து ஊதுற ஃபேன் எத்தனைல இருக்கு?

தம்பி: ஃபுல்லுல மச்சான். நல்லா பிடிக்கட்டும்னுதான்.

மச்சான்: அதான். மெழுகுவர்த்தியை ஊதினா என்ன ஆகும்? குச்சி பத்துற வரைக்கும் ஒண்ணுல வை. மேல ஒரு விரல் கனத்துக்கு சிவந்த பிறகு ரெண்டு, அப்புறம் மூணு. குச்சி கொட்டுற தீவனப் பெட்டிக்கு மூடி போட்டிருக்கா?

தம்பி: கொட்டிட்டு மூடல...

மச்சான்: மூடுப்பா! இந்த அடுப்புல பெரிய வில்லங்கம் அதுதான். மூடி தொறந்திருந்தா புகை பெட்டி வழியாத் திரும்பும். நேரமாச்சுன்னா தீயே பெட்டிக்குள்ள ஏறிடும். கொட்டினதும் மூடணும்.

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சார்ஜா காக்கா: என்னடா அழிச்ச?

சமீ: மண்ணெண்ணெய் ஊத்தட்டுமான்னு கேட்டான்.

சார்ஜா காக்கா: சூடா இருக்கிற அடுப்புல மண்ணெண்ணெயா? உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாம்னு இருக்கோம், அதுக்கு முகம் வேணும்.

கரிக்கடை சாச்சா: புகை என்ன நிறம்?

சமீ: வெள்ளை. கெட்டியா.

கரிக்கடை சாச்சா: வெள்ளைப் புகைன்னா ஈரம். கரி மூட்டத்துலயும் முதல்ல அப்படித்தான் வரும், விறகுல இருக்கிற தண்ணி கக்குறது. நீலமாகி மெலியுற வரைக்கும் கரி வெந்திருக்காது. மூட்டையை எங்க வச்சீங்க ராத்திரி?

சமீ: துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல. சிமெண்டுத் தரைல.

கரிக்கடை சாச்சா: கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு, துவைக்கிற கல்லுல வைக்கிறாங்களாம். உப்புக் காத்து நம்ம வீட்டு ஜன்னல் கம்பியையே தின்னுது.

உம்மா: (குரல் பதிவு 0:44)

சமீ: உம்மா: "மூட்டைல கையை விட்டேன். அடில இருக்கிற குச்சி ஊறிப்போய் உதிருது. மேல இருக்கிறதை ஒடிச்சா முறுக்கு மாதிரி டக்குன்னு ஒடியுது. டக்குன்னு ஒடியுறதை மட்டும் அள்ளுங்க. பத்த வைக்க காகிதம் வேணாம், பன்னாடையும் கொட்டாங்கச்சிச் சில்லும் வை."

மாலை 4:05

சமீ: பத்திக்கிச்சு!

சமீ: (போட்டோ)

சமீ: மேல வரிசையா இருக்கிற ஓட்டைல இருந்து கேஸ் அடுப்பு மாதிரி தீ வருது. குழாய் வாயில புகையே தெரியல.

கரிக்கடை சாச்சா: அது புகையையே திங்கிற அடுப்பு. நான் மூட்டத்துக்கு மண்ணும் வைக்கோலும் போட்டு காத்தை அடைப்பேன், கரி மிஞ்சும். இது அடில கொஞ்சம் காத்து குடுத்து குச்சியைப் புகைய விடுது, மேல ஓட்டைல இன்னும் காத்து குடுத்து அந்தப் புகையை எரிக்குது. எங்க தொழிலைத் தலைகீழா திருப்பி வச்சிருக்கான்.

மச்சான்: இதைத்தான் நான் மூணு நாளா விளக்கிட்டு இருந்தேன். யாரும் கேக்கல.

மண்ணடி லாத்தா: நீங்க சொன்னது கலோரி.

மாலை 4:50

சமீ: பெயிண்ட் நாத்தம் தாங்கல. முன்கட்டு வரைக்கும் வந்துருச்சு. அஸருக்கு முன்னாடி எல்லா ஜன்னலும் தொறந்தோம்.

தம்பி: குழாய் இணைப்புல ஊதுபத்தி புடிச்சுப் பாத்தேன் மச்சான். ரெண்டு இடத்துல புகை ஒரு பக்கமா சாயுது. அலுமினிய டேப் சுத்தப் போறேன்.

மச்சான்: அடுப்பு ஆறட்டும். நாளைக்குச் சுத்து. சூட்டைத் தாங்குற டேப்பான்னு பாத்து வாங்கு.

சனி, காலை 10:15

சமீ: ஒரு துக்கச் செய்தி. நீலக் குடம் போச்சு.

மண்ணடி லாத்தா: எது, எனக்கு சீரா வந்ததா?

சமீ: தம்பி சாம்பல் தட்டை அதுல கவுத்திருக்கான். நேத்து சாம்பல்தானே, ஆறியிருக்கும்னு. உள்ள கங்கு இருந்திருக்கு. அடியே இல்ல இப்ப.

கரிக்கடை சாச்சா: சாம்பலுக்குள்ள கங்கு ஒரு நாள் கூட உசுரோட கிடக்கும். மூடி வச்ச தகர டின்ல போடுங்க. டின்னைத் தரைல வைங்க, பலகை மேல வேணாம்.

உம்மா: (குரல் பதிவு 0:12)

சமீ: உம்மா: "சாம்பலைக் கொட்டிடாதீங்க. வழுக்குற மீனைப் புடிச்சு அறுக்க வேணும்."

தம்பி: உம்மா, ஒரு மணி நேரம் எரிஞ்சதுக்கு ஒரு கைப்பிடிதான் வந்துச்சு.

மச்சான்: மரத்தூள் குச்சின்னா சாம்பல் ரொம்பக் கம்மிதான் வரும். கடலைத் தொலில செஞ்சது விலை கம்மியா வரும், ஆனா சாம்பல் அதிகம், தட்டுல கட்டி புடிக்கும். அடுத்த மூட்டை வாங்கும்போது கேட்டு வாங்குங்க.

சனி, மாலை 6:30

சமீ: கச்சான் காத்து பயங்கரமா அடிக்குது. குழாய் வழியா புகை திரும்பி உள்ள வருது. அடுப்பை உள் அடுப்பங்கரைக்குத் தூக்கிட்டுப் போயிடலாமான்னு தம்பி கேக்குறான்.

மச்சான்: வேணாம். இதுல விளையாட்டு வேணாம் சமீ. புகை கண்ணுக்குத் தெரியாட்டியும் கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வரும். வாசனையும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான் தெரியும். கொட்டகைலயே, கதவைத் தொறந்து வச்சு. ராத்திரி யாரும் அதுக்குப் பக்கத்துல படுக்கக் கூடாது.

சார்ஜா காக்கா: இப்ப அணைச்சுடுங்க.

கரிக்கடை சாச்சா: காலைல நான் வாரேன். குழாய் இன்னும் ரெண்டடி உசரணும், தொப்பி போடணும். உச்சியை ஒட்டி இருந்தா கச்சான் கூரையில மோதி அப்படியே குழாய்க்குள்ள இறங்கும். மூணடின்னு சொன்னேன், ஒன்றரை அடிதான் விட்டிருக்கான்.

தம்பி: குழாய் அவ்வளவுதான் இருந்துச்சு சாச்சா.

ஞாயிறு, காலை 11:20

சமீ: சாச்சா தொப்பி போட்டாச்சு. கூரைல நின்னுக்கிட்டு தெருவுக்கே வகுப்பு எடுத்துட்டு இறங்கினாரு.

சமீ: உம்மா சட்டி ஏத்திட்டாங்க. பிஸ்மில்லாஹ். சின்ன அளவுதான்: ரெண்டு கிலோ அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, சீனி.

மண்ணடி லாத்தா: முந்திரி?

சமீ: இருக்கு. உனக்கு அனுப்புறதுல போடச் சொல்லியிருக்கேன்.

மதியம் 12:35

சமீ: கரண்டு போயிருச்சு!!

தம்பி: ஃபேன் நின்னுருச்சு, தீ மங்குது, புகை வருது.

மச்சான்: 12 வோல்ட் ஃபேன்தானே. பைக் பேட்டரியைக் கழட்டி மாட்டு. சிவப்பு சிவப்போட.

சமீ: உம்மா துடுப்பை விடல. தொதல் பாதில நின்னா அடிப்பிடிச்சுருமாம். "பேட்டரி வர வரைக்கும் விசிறிடி"ன்னு என் கைல பனையோலை விசிறியைக் குடுத்துட்டாங்க.

சமீ: சாம்பல் தட்டு வழியா விசிறினேன். நிஜமாவே தீ நின்னுச்சு.

தம்பி: மாட்டியாச்சு. ஓடுது.

பிற்பகல் 2:50

சமீ: (போட்டோ)

சமீ: தேங்காய் எண்ணெய் பிரிஞ்சு சட்டியை விட்டு உருண்டு வருது. மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மூட்டையை நிறுத்துப் பாத்தோம், நாலு கிலோவும் கொஞ்சமும் போயிருக்கு. இதுல கரண்டு போன நேரத்துப் புகைச்சலும் சேர்த்து.

சார்ஜா காக்கா: உம்மா எப்படி இருக்காங்க? கண்ணு எரியுதா?

உம்மா: (குரல் பதிவு 1:02)

சமீ: உம்மா: "கண்ணு எரியல. ஆனா விறகுன்னா தீ கூடுனா ஒரு கட்டையை இழுத்துடுவேன், கை சொன்னபடி கேக்கும். இதுல ஃபேன் திருகைத் திருப்பினா ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் குறையுது. அதுக்கு முன்னாடியே திருப்பணும், இன்னும் பழகல. கடைசி அரை மணி தீ கூடிப்போச்சு, அடில லேசா கருகிருச்சு. அதை நாங்க தின்னுக்கறோம். மண்ணடிக்கு மேல இருக்கிறதை அனுப்புறேன்."

மண்ணடி லாத்தா: கருகுனதுதான் ருசி. அதையும் கொஞ்சம் வைங்க உம்மா.

மச்சான்: மாமி, அந்த ரெண்டு நிமிசக் கணக்கு எந்தப் புத்தகத்துலயும் போடல.

கரிக்கடை சாச்சா: மச்சி, பழைய அடுப்புக் கல்லை எடுத்துடாதீங்க. நோன்புக் கஞ்சி காய்ச்சுற பெரிய தேக்சா இந்த அடுப்புல உக்காராது.

உம்மா: (குரல் பதிவு 0:09)

சமீ: உம்மா: "கல்லு எங்கயும் போகல தம்பி. அது மேலதான் பெல்லட்டு மூட்டையை வச்சிருக்கேன், தரை ஈரம் படாம. சமீ, வாயை இறுக்கிக் கட்டு, அந்தக் கோழி மறுபடி வருது."