அஸூர் டெம்ப்ளேட்டில் விஎம் அளவை மாற்றினால் ஒவ்வொரு தடவையும் வேறு பிழை (தென்னிந்தியா ரீஜன்)

திருப்பூர்நூல் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வாடிக்கையாளர் ஒருவருக்காக இரண்டு விண்டோஸ் சர்வர்களை அஸூரில் (மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட்) விஎம்களாக, அதாவது மெய்நிகர் கணினிகளாக, ஏற்ற வேண்டும். ஒன்றில் கணக்கு மென்பொருள், இன்னொன்றில் அதன் டேட்டாபேஸ். பயன்படுத்துபவர்கள் எல்லோரும் கோவை, திருப்பூர் பக்கம் என்பதால் தென்னிந்தியா ரீஜன் (டேட்டா சென்டர் இருக்கும் பகுதி), அதாவது சென்னைதான் வேண்டும் என்கிறார்கள்.

டெம்ப்ளேட் நான் எழுதியது இல்லை. முன்பு இந்த வேலையைப் பார்த்தவர்கள் விட்டுப்போன ஏஆர்எம் டெம்ப்ளேட் (என்ன உருவாக்க வேண்டும் என்று அஸூருக்குச் சொல்லும் கோப்பு), கூடவே அதற்கு மதிப்புகளைத் தரும் ஒரு பாராமீட்டர் கோப்பு. 'விஎம்சைஸ்' பாராமீட்டருக்கு டீஃபால்ட் வேல்யூ ஸ்டாண்டர்ட்_ஏ2. அலவ்டு வேல்யூஸ் (அனுமதிக்கப்பட்ட மதிப்புகள்) பட்டியலில் ஏ1, ஏ2, டி1_வி2, டி2_வி2 என்று சில பெயர்கள். எனக்கு வேண்டியது ஆளுக்கு 2 விசிபியு (மெய்நிகர் கோர்), 8 ஜிபி நினைவகம்.

டீஃபால்ட்டை டி2எஸ்_வி5 ஆக்கி, பட்டியலிலும் சேர்த்தேன். ஆனால் பிழைச் செய்தியில் இன்னும் ஏ2 பெயர்தான் வருகிறது. சரி என்று அஸூரின் வலைப்பக்கமான போர்ட்டலில் இருந்து அளவின் பெயரை அப்படியே எடுத்து கமாண்டிலேயே கொடுத்தால், 'அனுமதிக்கப்பட்ட மதிப்புகளில் இல்லை' என்கிறது. பட்டியலில்தான் இருக்கிறதே! பட்டியலையே நீக்கிவிட்டு, டெம்ப்ளேட்டில் இருந்த பெயரைக் கொடுத்தேன். இப்போது 'ஸ்கியூநாட்அவைலபிள்' (அந்த அளவு கிடைக்காது) என்கிறது. எது உண்மையான பிழை?

---

டெர்மினல்தாசன்:

மூன்றுமே உண்மைதான். முதல் இரண்டும் சின்ன விஷயம்.

பாராமீட்டர் கோப்பைத் திறந்து பாருங்கள், அங்கே விஎம்சைஸுக்கு ஏ2 என்று இருக்கும். கோப்பில் மதிப்பு இருந்தால் டெம்ப்ளேட்டின் டீஃபால்ட்டை யாரும் சீண்டுவதே இல்லை. கமாண்டில் கொடுப்பது கோப்பையும் மிஞ்சும்.

இரண்டாவது, போர்ட்டல் 'ஸ்டாண்டர்ட் டி2எஸ் வி5' என்று இடைவெளி விட்டுக் காட்டும். டெம்ப்ளேட்டுக்கு 'ஸ்டாண்டர்ட்_டி2எஸ்_வி5' என்று அடிக்கோடு வேண்டும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், அஸூருக்கு அது வேறு பெயர்.

அந்த ஏ2வைக் கோப்பில் இருந்தும் தூக்கிவிடுங்கள். பழைய ஏ வரிசையை 2024 ஆகஸ்ட் 31 அன்றே மூடிவிட்டார்கள்.

---

மேகக்கணக்கு:

ஸ்கியூநாட்அவைலபிள் பற்றிச் சொல்கிறேன், பலர் குழம்பும் இடம் அதுதான்.

அலவ்டு வேல்யூஸ் என்பது வெறும் எழுத்து ஒப்பீடு. நீங்கள் கொடுத்த பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த அளவு சென்னையில் இருக்கிறதா, உங்கள் சப்ஸ்கிரிப்ஷனுக்கு, அதாவது பில் வரும் அஸூர் கணக்குக்கு, கிடைக்குமா என்று அது அஸூரிடம் கேட்பதே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் அச்சாகியிருப்பதால் பந்தியில் இலை போட்டிருக்கிறது என்று ஆகிவிடாது. அப்படித்தான் இதுவும்.

அடுத்த வாசல் ரீஜன். எல்லா அளவும் எல்லா ரீஜனிலும் இருக்காது. புனேயில் இருக்கும் மத்திய இந்தியா ரீஜனில் அவைலபிலிட்டி சோன்கள் (ஒரே ரீஜனுக்குள் தனித்தனி டேட்டா சென்டர்கள்) உண்டு, சென்னையில் கிடையாது. ஆகவே டெம்ப்ளேட்டில் 'சோன்ஸ்' என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இதற்கு மேல், ரீஜனில் அளவு இருந்தும் குறிப்பிட்ட சப்ஸ்கிரிப்ஷனுக்கு மட்டும் தடை போட்டிருப்பார்கள். ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடலாம். சிஎல்ஐயில் (கமாண்ட் தட்டும் கருவி) 'ஏஇசட் விஎம் லிஸ்ட்-ஸ்கியூஸ்' கமாண்டை ஓட்டுங்கள். லொகேஷன் 'சவுத்இந்தியா', சைஸ் 'ஸ்டாண்டர்ட்_டி2', கடைசியில் 'ஆல்' என்ற ஆப்ஷன், டேபிள் வடிவத்தில் வெளியீடு. 'ஆல்' போடாவிட்டால் உங்களுக்குத் தடையுள்ள அளவுகளை மறைத்துவிடும், அப்புறம் ஏன் இல்லை என்பதே தெரியாது. வலது ஓரத்தில் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' பத்தியில் 'நன்' என்று இருந்தால் தடை இல்லை. 'நாட்அவைலபிள்ஃபார்சப்ஸ்கிரிப்ஷன்' என்று இருந்தால், டெம்ப்ளேட்டை எத்தனை தடவை திருத்தினாலும் பயனில்லை. சப்போர்ட்டில் கேட்டுத் தடையை எடுக்க வேண்டும், இல்லை வேறு அளவுக்குப் போக வேண்டும். 'லிஸ்ட்-சைஸஸ்' என்று பழைய கமாண்ட் ஒன்று உண்டு, அது இந்தத் தடையைக் காட்டாது. அதை நம்பாதீர்கள்.

---

திருப்பூர்நூல்:

ரொம்ப நன்றி. பாராமீட்டர் கோப்பில் ஏ2 இருந்தது, எடுத்தாயிற்று. லிஸ்ட்-ஸ்கியூஸ் ஓட்டினேன். டி2எஸ்_வி5க்குத் தடை. டி2எஸ்_வி3, டி2டிஎஸ்_வி5 இரண்டுக்கும் 'நன்'.

டி2எஸ்_வி3 வைத்து ஓட்டினால் புதிதாக ஒரு தகராறு: டிஎஸ்வி3 குடும்பத்தின் (டி2எஸ்_வி3 சேர்ந்த அளவு வரிசை) கோர் கோட்டா, அதாவது பயன்படுத்தக்கூடிய விசிபியு வரம்பு, தாண்டுகிறதாம். வரம்பு 10, தற்போதைய பயன்பாடு 8, கூடுதலாகத் தேவை 4 என்கிறது. ஆனால் அந்த சப்ஸ்கிரிப்ஷனில் எதுவுமே ஓடவில்லையே? பழைய டெஸ்ட் மெஷின் இரண்டு உண்டு, இரண்டையும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம்.

---

மேகக்கணக்கு:

நிறுத்தி வைத்தாலும் கோட்டா குறையாது. டீஅலொகேட் செய்த (வன்பொருளைத் திருப்பிக் கொடுத்த) மெஷினின் கோர்களும் கணக்கில் உண்டு. அந்த இரண்டும் ஆளுக்கு 4 விசிபியு டி4எஸ்_வி3 ஆக இருக்கும், பாருங்கள். வேண்டாதவை என்றால் அழித்துவிட்டால் 8 திரும்பக் கிடைக்கும். வேண்டுமென்றால் போர்ட்டலில் சப்ஸ்கிரிப்ஷனுக்குள் 'யூசேஜ் ப்ளஸ் கோட்டாஸ்' போய் 12க்கு உயர்த்தக் கேளுங்கள்.

கோட்டா இரண்டு அடுக்கு என்பதையும் மறக்க வேண்டாம். குடும்பத்துக்கு ஒன்று, ரீஜன் மொத்தத்துக்கு ஒன்று. இரண்டிலும் இடம் இருக்க வேண்டும். எண்ணுவது மெஷின்களை அல்ல, விசிபியுக்களை.

(பக்கத்தில் ஒரு வார்த்தை: விண்டோஸுக்குள்ளே போய் ஷட் டவுன் கொடுத்திருந்தால் அது 'ஸ்டாப்ட்' மட்டும்தான், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலில் 'ஸ்டாப்ட்', அடைப்புக்குறிக்குள் 'டீஅலொகேட்டட்' என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.)

---

இரவுஷிஃப்ட்:

ஒரு மாற்றுக் கருத்து. அலவ்டு வேல்யூஸ் பட்டியலை நீக்கியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் டீமில் அது இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்த பையன் 64 கோர் மெஷினை டெஸ்டுக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். பட்டியல் ஒரு வேலி.

---

டெர்மினல்தாசன்:

வேலி வேண்டும்தான் அண்ணா, ஆனால் அது டெம்ப்ளேட்டில் இருந்தால் நிற்காது. அந்தப் பையன் டெம்ப்ளேட்டைத் திருத்துவான், இல்லை போர்ட்டலில் நேராக மெஷினை உருவாக்குவான். செலவைக் கட்டுப்படுத்த அஸூர் பாலிசி இருக்கிறது. 'அனுமதிக்கப்பட்ட விஎம் அளவுகள்' என்று தயாராகவே ஒரு பாலிசி உண்டு. சப்ஸ்கிரிப்ஷனில் ஒட்டினால் எந்த வழியாக வந்தாலும் தடுக்கும்.

அளவுப் பெயர்களின் பட்டியலோ சீக்கிரம் பழசாகும். இந்த இழையே சாட்சி: மூடிப்போன ஏ வரிசை உள்ளே, வேண்டிய வி5 வெளியே. பட்டியலைக் குறைவாகவே பயன்படுத்துங்கள், புது அளவுகள் வரும்போது அது சரியான டெப்ளாய்மென்டையே தடுக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டின் பைசெப் (டெம்ப்ளேட் எழுதும் மொழி) வழிகாட்டியும் சொல்கிறது.

நான் செய்வது இது. 'சூழல்' என்று ஒரு பாராமீட்டர். அதற்கு மட்டும் அலவ்டு வேல்யூஸ்: டெவ், டெஸ்ட், ப்ராட். இந்த மூன்றும் மாறப் போவதில்லை. வேரியபிள்ஸ் பகுதியில் ஒரு ஆப்ஜெக்ட்: டெவ் என்றால் பி2எஸ், டெஸ்ட் என்றால் டி2டிஎஸ்_வி5, ப்ராட் என்றால் டி4டிஎஸ்_வி5. ஹார்ட்வேர் ப்ரொஃபைலில் உள்ள விஎம்சைஸ் இந்த ஆப்ஜெக்டில் இருந்து எடுத்துக்கொள்ளும். டெப்ளாய் செய்பவர் அளவுப் பெயரைத் தட்டச்சு செய்யவே மாட்டார், ஆக அந்த அடிக்கோடு தகராறும் இல்லை. நாளைக்கு அளவு மாறினால் ஒரே வரி மாற்றம்.

---

இரவுஷிஃப்ட்:

பாலிசி சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாலிசி போட எல்லா இடத்திலும் உரிமை தர மாட்டார்கள். தராத இடத்தில் பட்டியல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

---

வட்டுவித்தகர்:

திருப்பூர்நூல், கோட்டாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். இப்போது வி3 போட்டு, தடை நீங்கியதும் டி2எஸ்_வி5க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

டி2எஸ்_வி3 உடன் 16 ஜிபி தற்காலிக வட்டு வரும். விண்டோஸில் அது டி டிரைவ், பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) அதில்தான் உட்கார்ந்திருக்கும். டி2எஸ்_வி5க்குத் தற்காலிக வட்டே கிடையாது. வட்டு உள்ள அளவில் இருந்து இல்லாத அளவுக்கு விண்டோஸ் மெஷினை நேராக ரீசைஸ் செய்ய முடியாது. ஓஎஸ் டிஸ்கை ஸ்னாப்ஷாட் எடுத்துப் புது மெஷினாகக் கட்ட வேண்டும்.

வி5 பெயர்களில் எண்ணுக்கு அடுத்து நடுவே வரும் 'டி' எழுத்துதான் தற்காலிக வட்டைச் சொல்கிறது. 'எஸ்' என்றால் ப்ரீமியம் டிஸ்க் மாட்டலாம். 'ஏ' என்றால் ஏஎம்டி சிப். உங்களுக்கு டி2டிஎஸ்_வி5 தடையில்லாமல் கிடைக்கிறதே, அதையே போடுங்கள். அதே 2 விசிபியு, 8 ஜிபி, தற்காலிக வட்டு 75 ஜிபி. அதில் டேட்டாபேஸ் கோப்பை மட்டும் வைத்துவிடாதீர்கள், டீஅலொகேட் செய்தால் அத்தனையும் போய்விடும். டெம்ப்டிபி (டேட்டாபேஸின் தற்காலிக வேலைக்கான இடம்) வைக்கலாம்.

இன்னொரு வசதி: அது டிடிஎஸ்வி5 என்ற தனிக் குடும்பம். உங்கள் பழைய மெஷின்கள் தின்ற 8 கோர் வேறு குடும்பத்துக் கணக்கு.

---

திருப்பூர்நூல்:

டி2டிஎஸ்_வி5 போட்டேன், இரண்டும் ஏறிவிட்டன. டிடிஎஸ்வி5 கோட்டாவில் 4 போக மீதி இருக்கிறது, ரீஜன் மொத்தமும் தாண்டவில்லை. டெர்மினல்தாசன் சொன்ன சூழல் முறையிலேயே டெம்ப்ளேட்டை மாற்றி எழுதிவிட்டேன். டெவ்வுக்கு மட்டும் பி2எஸ் சென்னையில் எங்கள் சப்ஸ்கிரிப்ஷனுக்குக் கிடைக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை.

பழைய டெஸ்ட் மெஷின் இரண்டும் டி4எஸ்_வி3 தான். ஒன்று 'ஸ்டாப்ட்' மட்டும்தான் காட்டியது, டீஅலொகேட் ஆகவில்லை. அதை யார் அப்படி விட்டார்கள் என்று வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு கேட்டுக்கொண்டிருக்கிறது.