சி துணைவகை எச்ஐவியில் கே65ஆர், வி106எம்: இரண்டுக்கும் காரணம் ஒன்றா?

கேள்வி (நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி)

வணக்கம். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெரும்பாலும் காணப்படுவது எச்ஐவி-1இன் சி துணைவகை. மருந்து எதிர்ப்பு குறித்த தொடக்ககால அறிவோ, மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகுதியாக உள்ள பி துணைவகையிலிருந்து வந்தது. எங்கள் ஆய்வகத்தில் சி வகை வரிசை ஒன்றை எச்எக்ஸ்பி2 என்னும் பி வகை மேற்கோள் வரிசையோடு ஒப்பிட்டபோது, புரோட்டியேஸ் (வைரஸின் புரதங்களை வெட்டும் நொதி) பகுதியில் எம்36ஐ (36ஆம் இடத்தில் எம் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதில் ஐ), எச்69கே, எல்89எம், ஐ93எல் என்று மாற்றங்கள் அடுக்கடுக்காக வந்தன. அந்த நோயாளி புரோட்டியேஸ் தடுப்பு மருந்து எதையும் உட்கொண்டதே இல்லை. இவற்றை எதிர்ப்பு என்று எழுதலாமா? மேலும், டெனோஃபோவிர் மருந்தை எதிர்க்கும் கே65ஆர், எஃபாவிரென்ஸ் மருந்தை எதிர்க்கும் வி106எம் ஆகிய இரண்டு திரிபுகளும் சி வகையில் எளிதில் தோன்றுவதற்குக் காரணம் ஒன்றுதானா?

பதில் 1 (மூலக்கூறு உயிரியலாளர்)

அந்த நான்கையும் எதிர்ப்பு என்று எழுதாதீர்கள். மருந்தே படாத சி வகை வைரஸிலும் அவை இயல்பாக இருப்பவை. பி வகையை அளவுகோலாக வைத்ததால்தான் மாற்றங்களாகத் தெரிகின்றன. வி82ஏ, ஐ84வி போன்ற முதன்மைத் திரிபுகள் இருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை: காரணங்கள் வேறு வேறு. வி106எம் எளிய கணக்கு. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் (வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் நொதி) 106ஆம் இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்க பி வகை ஜிடிஏ என்றும் சி வகை ஜிடிஜி என்றும் எழுதுகின்றன. மெத்தியோனினுக்கு உள்ள ஒரே குறியீடு ஏடிஜி. ஆகவே சி வகைக்கு ஓர் எழுத்து மாறினால் போதும், பி வகைக்கு இரண்டு மாற வேண்டும். எஃபாவிரென்ஸ், நெவிரபின் ஆகியவற்றை முறியடிக்கும் இந்தத் திரிபு சி வகையில் அடிக்கடி காணப்படுவது இதனால்தான்.

கே65ஆருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பலரும் தடுமாறும் இடம் இது. பி வகையில் ஏஏஏ என்பது ஏஜிஏ ஆனாலும், சி வகையில் ஏஏஜி என்பது ஏஜிஜி ஆனாலும் மாறுவது ஒரே எழுத்துதான். வேறுபாடு அக்கம்பக்கத்து எழுத்துகளில் இருக்கிறது. 64, 65ஆம் இடங்களைச் சி வகை ஏஏஏ ஏஏஜி என்றும் பி வகை ஏஏஜி ஏஏஏ என்றும் எழுதுகின்றன. ஒரே எழுத்து தொடர்ந்து வரும் பகுதியைப் படியெடுக்கையில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் தயங்கி நின்று பிழை செய்யும். சி வகையில் அந்தத் தயக்கம் சரியாக 65ஆம் இடத்தில் நேர்கிறது. கனடாவில் மார்க் வெயின்பெர்க் குழுவினர் இதைச் சோதனைக்குழாயில் காட்டினார்கள். நொதியை மாற்றிப் போட்டும் விளைவு மாறவில்லை, வரிசையை மாற்றியபோது மாறியது என்பதை நான் மிக அழகான சான்றாகக் கருதுகிறேன்.

பதில் 2 (ஏஆர்டி எனும் எச்ஐவி கூட்டுமருந்து சிகிச்சை மைய மருத்துவர்)

மேலே சொன்னது சரி. ஆயினும், கே65ஆர் எத்தனை பேரிடம் தோன்றும் என்பதைத் துணைவகை மட்டும் முடிவு செய்வதில்லை. வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்க்கத் தாமதமானால், பயன்தராத மருந்தின் கீழ் வைரஸ் மாதக்கணக்கில் பெருகி, திரிபுகளைச் சேர்த்துக்கொண்டே போகும். அறிக்கையில் கே65ஆரைக் கண்டதும் டெனோஃபோவிரை நிறுத்தவேண்டும் என்றே முன்பு நானும் எண்ணினேன். உகாண்டா, கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த நாடியா ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது: முதல்நிலை மருந்து தோற்றவர்களில் கே65ஆர் உள்ளவர்கள் ஏராளமாக இருந்தும், டோலுடெக்ராவிரோடு டெனோஃபோவிரையே தொடர்ந்தவர்கள் ஜிடோவுடினுக்கு மாறியவர்களைவிடப் பின்தங்கவில்லை. கே65ஆர் உள்ள வைரஸ் ஜிடோவுடினுக்கு இன்னும் எளிதில் பணியும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி மருந்தை மாற்றும் அவசியம் அங்கே புலப்படவில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அறிக்கையில் அந்த நான்கையும் 'சி வகையின் இயல்பு வேறுபாடுகள்' என்று தனியாகக் குறித்துவிடுகிறேன். இன்டெகிரேஸிலும் (வைரஸின் டிஎன்ஏவை மனித டிஎன்ஏவில் இணைக்கும் நொதி) சி வகைக்கு இப்படிப் பாதகமான இடம் உண்டா?

பதில் 3 (மூலக்கூறு உயிரியலாளர்)

அங்கே ஓரிடத்தில் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இன்டெகிரேஸ் தடுப்பு மருந்தான ரால்டெக்ராவிருக்கு எதிராக ஜி140எஸ் தோன்ற, பி வகையின் ஜிஜிசி ஓர் எழுத்து மாறி ஏஜிசி ஆனால் போதும். சி வகையில் வழக்கமாக இருப்பது ஜிஜிஏ. அதிலிருந்து செரினை எட்ட இரண்டு எழுத்துகள் மாறியாக வேண்டும்.